ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி சைகோனுக்கு

ஆவடிக்காரர்களுக்கு டாங்கி புதிதல்ல. 1965-ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில் முதல் விஜயந்தா டாங்கி அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து உருண்டு வெளியே வந்தது. பிறகு அஜேயா, அர்ஜுன், பீஷ்மா என்று பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. 'டேங்க் ஃபேக்டரி'யில் அப்பாவோ மாமாவோ சித்தப்பாவோ வேலை பார்க்காத பழைய குடும்பம் அந்தப் பக்கத்தில் குறைவு. அந்தக் குடும்பங்களைச் சேர்ந்த பலர் இப்போது ஓய்வு பெற்ற கையோடு பாஸ்போர்ட் எடுத்து, ஒரு வார 'வியட்நாம்–கம்போடியா பேக்கேஜ்' கிளம்பிவிடுகிறார்கள். சைகோனில், அதாவது இன்றைய ஹோ சி மின் நகரில், போர் எச்சங்கள் அருங்காட்சியகத்தின் முற்றத்தில் அமெரிக்காவின் எம்-48 பேட்டன் டாங்கி நிற்கிறது. 1965 போரில் பஞ்சாபின் கேம்கரண் பக்கம் பாகிஸ்தானிடமிருந்து இந்தியப் படை பிடித்ததும் பேட்டன்களைத்தான். ஆவடிக்காரர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் வருவாரா? எடுத்துக்கொள்ளட்டும். இரும்பின் கனம் என்ன, சங்கிலிப் பட்டை எப்படி ஓடும் என்று கூட வந்தவர்களுக்கு விளக்கமும் சொல்வார்.

உள்ளே போய் மாடி ஏறியதும்தான் பேச்சு நின்றுபோகும். ஏஜென்ட் ஆரஞ்சு என்ற நச்சு மருந்தை அமெரிக்கப் படை காட்டின் மேல் தெளித்ததால் உருக்குலைந்து பிறந்த பிள்ளைகளின் படங்கள் அங்கே இருக்கின்றன. 1968 மார்ச்சில் மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் கொன்று போட்ட பெண்கள், குழந்தைகளின் படங்களும் இருக்கின்றன. "காசு கொடுத்து இதையெல்லாம் பார்க்கத்தான் வந்தோமா?" என்று குழுவில் ஒருவராவது கேட்பார்.

பார்க்கத்தான் வர வேண்டும். ஆனால் பார்த்துவிட்டு வந்தால் மட்டும் போதாது. இந்த அருங்காட்சியகம் 1975 செப்டம்பரில், போர் முடிந்த சில மாதங்களிலேயே திறக்கப்பட்டது. அப்போது இதற்கு வைத்த பெயர் 'அமெரிக்க, கைப்பாவை அரசுக் குற்றங்களின் காட்சியகம்'. 1990-இல் பெயரிலிருந்து அமெரிக்கா காணாமல் போனது. அமெரிக்காவுடன் தூதரக உறவு மலர்ந்த 1995-இல் 'குற்றம்' என்ற சொல்லும் போய், 'போர் எச்சங்கள்' என்ற சாதுவான பெயர் வந்தது. சுவரில் தொங்கிய படங்களில் பல அதே படங்கள்தான். மாறியது அரசின் தேவை. 1975-க்குப் பிறகு 'மறுகல்வி முகாம்'களில் அடைக்கப்பட்டவர்களுக்கும், படகேறித் தப்பி ஓடிய லட்சக்கணக்கானவர்களுக்கும் அங்கே இடம் இல்லை என்ற விமர்சனம் நெடுங்காலமாக உண்டு. வென்றவர் எழுப்பிய கட்டடத்தில் தோற்றவரின் கதை எப்போதும் அரைகுறைதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சிறுதொழில் நடத்துகிறவர்கள், அங்கிருந்து 'ஆன்சைட்' என்று ஜெர்மனி போகும் ஐ.டி. இளைஞர்கள், பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த டிக்கெட்டில் முதல்முறை விமானம் ஏறும் அம்மாக்கள் என்று மேற்குச் சென்னையின் புறநகரே இப்போது உலகம் சுற்றுகிறது. முனிக் போனவர் டாஹாவ் நாஜி வதை முகாமுக்குப் போகிறார். போலந்து பக்கம் போனவர் ஆஷ்விட்ஸுக்குப் போகிறார். ஆஷ்விட்ஸில் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை அழைத்து வர வேண்டாமென்று நிர்வாகமே அறிவுறுத்துகிறது. அங்குள்ள ரயில் தண்டவாளத்தின் மேல் கையை விரித்து நடந்து படம் பிடித்துக்கொள்ளாதீர்கள் என்று 2019-இல் பகிரங்கமாகவே கேட்டுக்கொள்ள வேண்டிய நிலைமை வந்தது. நம்மவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை; உலகம் முழுக்க அதே கைப்பேசிதான்.

நடத்தை சிறிய விஷயம், சொல்லித் திருத்திவிடலாம். பெரிய விஷயம் வேறு. தமிழர் வழக்கத்தில் சாவு வீட்டுக்கு அழைப்பு கிடையாது. தெரிந்தவர் எல்லாரும் போக வேண்டும். போகிறவர் வாசலில் நின்று மாலையைப் போட்டுவிட்டுத் திரும்புவதில்லை. உட்கார்ந்து, "எப்படி ஆச்சு?" என்று கேட்கிறார். என்றைக்கு முடியாமல் போனது, எந்த ஆஸ்பத்திரி, யார் கூட இருந்தார்கள் என்று கேட்டால்தான் அது துக்கம் விசாரிப்பு. அரசியல் வன்முறையின் நினைவிடங்களுக்குப் போகும் பயணிக்கும் அந்தக் கடமை உண்டு. எப்படி ஆனது என்று கேட்க வேண்டும். அதைச் சொல்ல மறுக்கும் சுவர் எது, சொல்லவிடாமல் செய்தவர் யார் என்றும் கேட்க வேண்டும்.

கம்போடியத் தலைநகர் நாம் பென்னைப் பாருங்கள். அங்குள்ள துவோல் ஸ்லெங் ஒரு காலத்தில் உயர்நிலைப் பள்ளி. 1975-இல் கெமர் ரூஜ் ஆட்சி வந்த பிறகு வகுப்பறைகளைச் செங்கல் வைத்துத் தடுத்துச் சிறைக் கொட்டடிகளாக்கினார்கள். எஸ்-21 என்று பெயர். 14,000 பேருக்கு மேல் உள்ளே போனார்கள். உயிரோடு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதை நடத்திய டூக் என்கிற காங் கெக் இயவ் முன்னாள் கணக்கு வாத்தியார். உள்ளே வந்த ஒவ்வொருவரையும் எண் கட்டிப் படம் எடுத்துக் கோப்பில் வைத்த ஒழுங்கு அவருடையது. இன்று அந்தப் படங்கள்தான் அங்கே முக்கியக் காட்சி. சிரிக்கும் முகத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட பலகையும் தொங்குகிறது: இங்கே சிரிக்காதீர்கள்.

அந்தப் பள்ளியை அருங்காட்சியகமாக்கியவர் மாய் லாம் என்ற வியட்நாம் ராணுவ அதிகாரி. சைகோன் அருங்காட்சியகத்துக்கு வடிவம் கொடுத்தவரும் அவரே. 1978 டிசம்பரில் கம்போடியாவுக்குள் நுழைந்த வியட்நாம் படை 1979 ஜனவரியில் கெமர் ரூஜை விரட்டியது. உலக நாடுகளில் பல அதை ஆக்கிரமிப்பு என்றன. கொலைகார ஆட்சியின் பிரதிநிதிக்கே ஐ.நா. சபையில் நாற்காலி தொடர்ந்தது. 1980-இல் புதிய அரசை அங்கீகரித்த சில நாடுகளில் இந்தியா ஒன்று. "நாங்கள் வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும், பாருங்கள்" என்று உலகுக்குக் காட்ட வியட்நாமுக்கு ஒரு கட்டடம் தேவைப்பட்டது. மாய் லாம் மண்டை ஓடுகளை அடுக்கிக் கம்போடிய நாட்டு வரைபடமே செய்து சுவரில் மாட்டினார். 2002-இல்தான் அதைக் கழற்றினார்கள். ஊருக்கு வெளியே சோயுங் ஏக் கொலைக்களத்தை நடத்தும் உரிமை 2005-இல் ஒரு ஜப்பானிய நிறுவனத்துக்குக் குத்தகைக்கே போனது. இத்தனைக்குப் பிறகும் இந்த இடங்கள் பொய்யாகிவிடவில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நடந்த கொலைகள் உண்மை. அவற்றைக் காட்டியவருக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த பயணிக்குத்தான் டிக்கெட் காசு செரிக்கும்.

இன்னும் பக்கத்தில் வருவோம். தாய்லாந்து போகாத டிராவல்ஸ் கம்பெனி உண்டா? பாங்காக், பட்டாயா போகிறவர்களில் சிலர் ஒருநாள் காஞ்சனபுரிக்கும் போகிறார்கள். குவாய் ஆற்றுப் பாலத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். 1942-43-இல் ஜப்பானிய ராணுவம் பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்ட இடம் அது. நேச நாட்டுப் போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 7,000 பேர் காஞ்சனபுரியின் போர் மயானத்தில் பெரும்பாலும் தத்தம் கல்லின் கீழ் கிடக்கிறார்கள். புல்வெளி கத்தரித்தாற்போல் இருக்கும். ஆனால் அந்தப் பாதையில் அதிகம் செத்தவர்கள் அவர்கள் இல்லை. ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் வரை மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போன தமிழர்கள் அவர்களில் பெருந்தொகை. காலராவில் விழுந்தவர்களைக் குவியலாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். பெயரில்லை, கல்லில்லை. 1957-இல் வந்து ஆஸ்கர் விருதுகளை அள்ளிய ஆங்கிலப் படத்துக்கு அந்தப் பாலத்தை இலங்கையின் கித்துல்கலையில் கட்டித்தான் படம் பிடித்தார்கள். ஈழத்துத் தீவில் எடுத்த அந்தப் படத்திலும் செத்த தமிழனுக்குச் சொல்லும்படியாக இடமில்லை. மலேசியத் தமிழர்கள் 'சயாம் மரண ரயில்' என்று வாய்வழியாகச் சொல்லிச் சொல்லித்தான் அதைக் காப்பாற்றினார்கள். காஞ்சனபுரியில் தமிழர்களுக்கென்று ஒரு நடுகல் எழுந்தது அண்மை ஆண்டுகளில்தான். பாங்காக் போகிற ஆவடிக்காரரின் பயணத் திட்டத்தில் பெரும்பாலும் அது இருக்காது. கேட்டால் டூர் மேனேஜர் சேர்ப்பார், கேட்க வேண்டும்.

வெளிநாடு என்று சொன்னால் மனதில் வராத வெளிநாடு ஒன்றும் இருக்கிறது. 2019 நவம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் தொடங்கியது. கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. பறக்கும் நேரம் சுமார் ஒன்றேகால் மணி. மாலை நேர நெரிசலில் பூந்தமல்லியிலிருந்து எழும்பூர் போய்ச் சேரவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான். போகிறவர்கள் நல்லூர் பார்க்கிறார்கள், நயினாதீவு போகிறார்கள், நண்டுக் கறி சாப்பிடுகிறார்கள், யாழ் பொது நூலகத்தின் வெள்ளை மாளிகை முன் நிற்கிறார்கள். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்து, நூலகத் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொல்லி எழுந்த கட்டடம் அது. 1981 ஜூன் முதல் நாள் இரவோடு இரவாக 97,000 நூல்களோடு எரிந்தது. இன்று புத்தம் புதிதாக நிற்கிறது. கரி படிந்த சுவரில் ஒரு பகுதியையாவது அப்படியே வைத்திருக்கலாமே என்று தோன்றாமல் போகாது.

இலங்கையின் வட மாகாணத்தில் நினைவிடங்கள் இரண்டு வகையாகப் பிரிகின்றன. ராணுவம் எழுப்பியவை உயரமானவை: புதுக்குடியிருப்பில் தண்ணீர் நடுவே துப்பாக்கி உயர்த்திய சிப்பாய்ச் சிலை, ஆனையிறவில் தீவை ஏந்திய கைகள். தமிழர் எழுப்பியவை சிறியவை, இடிபடுபவை. விடுதலைப் புலிகளின் போராளிகளைப் புதைத்த மாவீரர் துயிலும் இல்லங்களைப் புல்டோசர் ஏற்றிச் சமனாக்கினார்கள்; கோப்பாயில் அந்த இடத்தின் மேல் ராணுவப் பிரிவு ஒன்றின் தலைமையகம் வந்தது. இறுதிப் போரில் மாண்டவர்களுக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் எழுந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூண் 2021 ஜனவரி 8 இரவில் இடிக்கப்பட்டது. தமிழ்நாடு கொதித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தூண் மறுபடி எழுந்தது. ஆனால் 2013 நவம்பரில் தஞ்சாவூர் விளாரில் பழ. நெடுமாறன் திறந்து வைத்த முள்ளிவாய்க்கால் முற்றத்தின் சுற்றுச்சுவர், சில நாட்களிலேயே இடிக்கப்பட்டதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? இடித்தது கொழும்பின் இயந்திரம் இல்லை, தமிழ்நாட்டு அரசின் இயந்திரம்.

தமிழ்நாட்டுப் பயணிக்குக் கடினமான இடங்கள் இன்னும் இரண்டு. ஒன்று யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனை. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். இந்திய அமைதிப் படை உள்ளே நுழைந்து சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் ஊழியருமாக 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆண்டுதோறும் அங்கே ஊழியர்கள் அஞ்சலி செலுத்துகிறார்கள். அந்த மாதம் யாழ்ப்பாணத் தெருக்களில் ஓடியவை இந்திய டாங்கிகள். சைகோன் முற்றத்தில் டாங்கியின் தொழில்நுட்பத்தை விளக்கிய ஆவடிக்காரருக்கு இங்கே விளக்குவது சிரமமாக இருக்கும். அந்தச் சிரமத்துக்காகவே அவர் இங்கே வர வேண்டும். மற்றொன்று மட்டக்களப்புப் பக்கம் காத்தான்குடி. 1990 ஆகஸ்ட் 3 இரவு, தொழுகையில் இருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். மீரா ஜும்ஆ பள்ளிவாசல் சுவரில் குண்டுத் துளைகளை இன்றும் பூசாமல் வைத்திருக்கிறார்கள். அடுத்தவர் செய்த கொலையைப் பார்த்துக் கண் கலங்குவது எளிது. தன்னவர் செய்ததன் முன்னால் நிற்பதுதான் இந்த வகைப் பயணத்தின் உரைகல். அந்த உரைகல்லில் தேறாதவர் ஆஷ்விட்ஸில் என்ன அழுதாலும் கணக்கில் வராது.

இனி, பாஸ்போர்ட் வேண்டாத இடம். பூந்தமல்லி.

1991 மே 21 இரவு, மீனம்பாக்கத்தில் இறங்கிய ராஜீவ் காந்தி, போரூர், பூந்தமல்லி வழியாக, ஆங்காங்கே கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டும் பேசிக்கொண்டும் காரில் ஸ்ரீபெரும்புதூர் போனார். காரிலேயே வெளிநாட்டுப் பத்திரிகைகளின் நிருபர்கள் இருவர் அவரைப் பேட்டி கண்டார்கள். பத்து மணிக்குப் பிறகு மனித வெடிகுண்டு. அவரோடு ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்: காவல் கண்காணிப்பாளர் ஒருவர், காவலர்கள், கட்சிக்காரர்கள், ஒரு சிறுமி. படம் எடுக்க வந்த ஹரிபாபுவும் செத்தார். அவருடைய கேமரா பிழைத்தது, அந்தச் சுருளே வழக்கின் ஆணிவேரானது. வழக்கு நடந்ததும் இதே சாலையில், பூந்தமல்லி தடா சிறப்பு நீதிமன்றத்தில், மூடிய கதவுகளுக்குப் பின்னால். 1998 ஜனவரி 28 அன்று, விசாரணையை எதிர்கொண்ட 26 பேருக்கும் தூக்கு. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. நான்கு பேருக்குத் தூக்கை உறுதி செய்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. இது தடாச் சட்டத்தின்படியான பயங்கரவாதச் செயல் இல்லை என்றது அதே தீர்ப்பு. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் போலீஸ் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலங்களை ஏற்றுக்கொண்டது. தூக்கு உறுதியான நால்வரில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தை முழுமையாகப் பதியவில்லை என்று, அதைப் பதிவு செய்த அதிகாரியே 2013-இல் சொன்னார். தூக்கு நிறைவேறவில்லை; 2022 மே மாதம் பேரறிவாளனும், நவம்பரில் மற்ற ஆறு பேரும் வெளியே வந்தார்கள்.

பூந்தமல்லியில் இலங்கைத் தமிழர்களை அடைத்து வைத்த 'சிறப்பு முகாம்' ஒன்றும் நெடுங்காலம் இருந்தது. கரையான்சாவடியில் பஸ் மாறுகிற பள்ளிப் பிள்ளைக்கு இவற்றில் எதுவும் தெரியாது. தெரிய வைக்க ஊரில் ஒரு பலகைகூடக் கண்ணில் படுவதில்லை.

அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் ஸ்ரீபெரும்புதூர் நினைவகம். 2003 அக்டோபரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்து வைத்தார். குண்டு வெடித்த இடத்தைச் சுற்றி ஏழு தூண்கள். ஒவ்வொன்றும் ஒரு விழுமியத்துக்கு. அழகான, அமைதியான வடிவமைப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது தலைவருக்கான அஞ்சலி இடம். மாலை போடலாம். "எப்படி ஆச்சு?" என்ற கேள்விக்கு ஏழு தூண்களிடம் பதில் கிடையாது. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தம், அமைதிப் படை, யாழ் மருத்துவமனை, 1990 மார்ச்சில் திரும்பி வந்த அந்தப் படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகாமல் இருந்தது, அதே ஆண்டு ஜூனில் கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவையும் தோழர்களையும் புலிகள் கொன்றது, பிறகு ஸ்ரீபெரும்புதூர், பிறகு பூந்தமல்லித் தீர்ப்பு: இவை ஒரே சங்கிலி. யாழ்ப்பாணத்தில் ஒரு கண்ணி கிடக்கிறது, இங்கே ஒரு கண்ணி. இரண்டையும் கோத்துக் காட்டும் ஒரே ஒரு அறை பாக் நீரிணையின் எந்தக் கரையிலும் எழவில்லை.

அது ஏன் என்பது ரகசியமில்லை. காங்கிரஸுக்கு இந்தக் கதையில் அமைதிப் படை சங்கடம். ஈழ ஆதரவாளர்களுக்கு மனித வெடிகுண்டு சங்கடம். திராவிடக் கட்சிகள் இரண்டுக்கும் தங்கள் தங்கள் பழைய நிலைப்பாடுகள் சங்கடம். புலனாய்வு அமைப்புகளுக்கு விடுவிக்கப்பட்ட அந்த 19 பேர் சங்கடம். எல்லாருக்கும் வசதியானது மௌனம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த மௌனத்தைத் தொடர்வது தவறு. தீர்ப்புகள் அச்சில் இருக்கின்றன. ராஜீவ் கொலை பற்றிய வர்மா, ஜெயின் ஆணைய அறிக்கைகள் இருக்கின்றன. படங்கள் இருக்கின்றன. சாட்சியம் சொன்னவர்களும், விடுவிக்கப்பட்டவர்களும், அன்று அடிபட்டுப் பிழைத்த காவலர்களும் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். இன்னும் இருபது ஆண்டில் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

மனம் வைத்தால் தமிழ்நாடு அரசுக்கு அருங்காட்சியகம் கட்டத் தெரியும் என்பதற்குக் கீழடியே சான்று. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய பானை ஓட்டுக்குக் கொடுக்கும் கவனத்தில் கொஞ்சம், 35 ஆண்டுக்கு முந்திய ரத்தத்துக்கும் கொடுக்கலாம். நினைவகத்தைத் தொட வேண்டாம். ஏழு தூண்களும் அப்படியே இருக்கட்டும். பூந்தமல்லியிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஓர் ஆவணக் கூடம் போதும். மாண்ட அனைவரின் பெயரும் அங்கே ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். 26 தூக்குத் தீர்ப்பும் 19 விடுதலையும் ஒரே சுவரில் இருக்க வேண்டும். யாழ் மருத்துவமனைக்கும் காத்தான்குடிக்கும் அங்கே இடம் வேண்டும். நடத்துவது எந்தக் கட்சியின் அறக்கட்டளையாகவும் இருக்கக் கூடாது. பல்கலைக்கழக வரலாற்றுத் துறை ஒன்றிடம், இரண்டு நாட்டு ஆய்வாளர்களையும் சேர்த்து, ஒப்படைக்கலாம்.

அது வரும்வரை ஆசிரியர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அம்பத்தூர், ஆவடிப் பள்ளிகள் ஆண்டுச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிச் செம்பரம்பாக்கம் பக்கத்துக் கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகின்றன. அதே சாலையில் இன்னும் சிறிது தூரம்தான் ஸ்ரீபெரும்புதூர். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஒரு மணி நேரம் அங்கே இறக்குங்கள். ஏழு தூண்களைச் சுற்றி வந்த பிறகு, 1987-இலும் 1991-இலும் 1999-இலும் என்ன நடந்தது என்பதைத் தீர்ப்பின் பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுங்கள்.